கேட்கத் தெரியாதவர்களும் ஒரு வாசலும்

1939ஆம் வருஷம் நவம்பர் 4ஆம் தேதி. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தின் லட்லோ என்னும் சிற்றூரிலிருந்து ஐடா மே ஃபுல்லர் என்ற அறுபத்தைந்து வயதுப் பெண்மணி வேறு ஏதோ வேலையாக ரட்லண்ட் நகரத்துக்கு வருகிறார். வக்கீல் ஆபீசில் காரியதரிசியாக இருந்தவர். சமூகப் பாதுகாப்பு என்ற பெயரில் மூன்று வருஷமாகச் சம்பளத்தில் பிடித்தம் செய்துவந்தார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதனால் தனக்கு ஏதாவது உண்டா என்பது தெரியாது. பெரிதாக ஒன்றை எதிர்பார்க்கவும் இல்லை. வந்த இடத்தில் அந்த ஆபீசுக்குள் நுழைந்து விசாரித்துவிட்டுப் போவோம் என்று தோன்றியிருக்கிறது. நுழைந்தார், விசாரித்தார், போனார். 1940 ஜனவரி 31 தேதியிட்டு அவர் பெயருக்கு 22 டாலர் 54 சென்ட்டுக்கு ஒரு காசோலை வந்தது. அந்த நாட்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி மாதாந்தரத் தொகையாகக் கொடுக்கப்பட்ட முதல் காசோலை அதுதான். அவர் அதுவரை கட்டியிருந்தது மொத்தம் 24 டாலர் 75 சென்ட். நூறு வயதுவரை இருந்து 1975இல் இறந்தபோது பெற்றிருந்தது இருபத்திரண்டாயிரம் டாலருக்கு மேல்.

கட்டியது எவ்வளவு, வாங்கியது எவ்வளவு என்ற இந்தக் கணக்கைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். திட்டத்தை ஆதரிப்பவர்களும் சொல்கிறார்கள், பழிப்பவர்களும் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கணக்கில் சுவாரஸ்யம் இல்லை. ‘விசாரித்துவிட்டுப் போவோம்’ என்ற அந்த அரை மனசு இருக்கிறதே, அதுதான் என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது. சட்டம் 1935இல் நிறைவேறியது. மாதத் தொகையை 1942இலிருந்து தருவதாகத்தான் முதலில் இருந்தது. 1939 ஆகஸ்டில் திருத்தி, 1940இலிருந்தே தருவதென்று முடிவு செய்தார்கள். இதெல்லாம் வாஷிங்டனில் நடந்தது. லட்லோவில் இருந்த பெண்மணிக்கும் வாஷிங்டனில் இருந்த காகிதத்துக்கும் நடுவில் ரட்லண்டில் ஓர் அறையும், சம்பளம் வாங்கிக்கொண்டு அந்த அறையில் உட்கார்ந்திருந்த ஒரு மனுஷரும் இருந்தார்கள். அந்த அறையை எடுத்துவிட்டாலும் உரிமை அப்படியே இருக்குமா என்பதுதான் கேள்வி.

இருக்கும் என்கிறார்கள் மூடுகிறவர்கள். சட்டத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லையே, தொலைபேசி இருக்கிறது, இணையம் இருக்கிறது, வாடகையும் மிச்சம் என்கிறார்கள். இந்த வாதத்தின் பலத்தில் 2010க்கும் 2014க்கும் இடையில் அந்த நாட்டில் 64 வட்டார ஆபீஸ்கள் மூடப்பட்டன. ஆபீஸ் இல்லாத ஊர்களுக்கு அவ்வப்போது வந்து போய்க்கொண்டிருந்த தற்காலிக முகாம்களில் 533 நின்றன. அமெரிக்க செனட்டின் முதியோர் குழு 2014இல் வெளியிட்ட அறிக்கையில் உள்ள கணக்கு இது. எந்தச் சலுகையும் ரத்தாகவில்லை, யாருடைய பெயரும் பட்டியலிலிருந்து அடிக்கப்படவில்லை. ஆகவே யாருக்கும் அநியாயம் நடக்கவில்லை என்பது அவர்கள் தர்க்கம். தர்க்கமாகப் பார்த்தால் ஓட்டை இல்லை. அதனாலேயே இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

எங்கேயோ இருக்கிற ஆபீஸ்களைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்யதை என்றால், என் பிழைப்பு ஒரு வங்கிக் கிளையின் கவுண்ட்டரில். 2019இல் ஒரு நாள், மத்தியானம், கூட்டம் வடிந்த நேரம், ஓர் அம்மாள் வந்தார். அறுபதுக்குப் பக்கத்தில் இருக்கும். மடியிலிருந்து பாஸ்புக்கை எடுத்து நீட்டி, “இதுல இருக்கிறத எடுத்துக்கிட்டு கணக்க முடிச்சிரலாமா தம்பி?” என்றார். பாஸ்புக் மகனுடையது. கட்டட வேலை முடிந்து சைக்கிளில் திரும்பி வரும்போது லாரி அடித்து, இரண்டு வாரம் ஆகியிருந்தது. கணக்கில் முந்நூற்று நாற்பது ரூபாய் சொச்சம். இறப்புச் சான்றிதழ் வேண்டும், நியமனதாரர் யார் என்று பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே பாஸ்புக்கைப் புரட்டினேன். மே மாதக் கடைசியில் பன்னிரண்டு ரூபாய் கழிந்திருந்தது. முந்தின வருஷம் மே மாதமும் பன்னிரண்டு.

2015இல் மத்திய அரசு கொண்டுவந்த விபத்துக் காப்பீடு அது. வருஷத்துக்கு அப்போது பன்னிரண்டு ரூபாய்; 2022 ஜூனிலிருந்து இருபது. கணக்கிலிருந்து தானாகவே கழியும். விபத்தில் உயிர் போனால் இரண்டு லட்சம். கணக்குத் தொடங்கிய அன்றைக்கு யாரோ நீட்டிய தாளில் அந்தப் பையன் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அவனுக்கே அது ஞாபகம் இருந்திருக்காது. அம்மாளுக்கோ அப்படி ஒன்று உண்டு என்பதே தெரியாது. எஃப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை என்று நாலைந்து தடவை அலைந்தார். பணம் வந்தது.

இதில் என் கருணை என்று ஒன்றும் இல்லை. எனக்குப் பின்னால் வேலை குவிந்திருக்கவில்லை, அவருக்குப் பின்னால் வரிசை இல்லை, கை சும்மா இருக்க மாட்டாமல் பக்கத்தைப் புரட்டியது, அவ்வளவுதான். ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்த அம்மாள் இரண்டு லட்சத்தைக் கேட்கவே இல்லை. அவர் கேட்டது முந்நூற்று நாற்பது ரூபாயை. தொலைபேசியில் கூப்பிட்டிருந்தால் முந்நூற்று நாற்பது ரூபாய்க்கான பதில் கிடைத்திருக்கும். இணையத்தில் பார்த்திருந்தால், எதைப் பார்ப்பார்? தேடுவதற்கு ஒரு சொல் வேண்டும். அந்தச் சொல் அவரிடம் இல்லை. அவரிடம் இருந்தது ஒரு பாஸ்புக்கும் ஒரு சாவும். விண்ணப்பம் என்பது மனித விவகாரத்தில் இரண்டாவது கட்டம். முதல் கட்டம் உருவமில்லாத ஒரு தயக்கம். வாசல்படியில் நின்று உள்ளே எட்டிப் பார்ப்பது. சம்பந்தமில்லாத ஒன்றைக் கேட்பது. ஐடா ஃபுல்லர் ரட்லண்டில் செய்ததும் இதுதான். உருவமில்லாத கேள்வியை எந்தப் படிவத்திலும் பூர்த்தி செய்ய முடியாது.

இதை ஒரு நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கவிஞர், இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்குத் தெரிந்தவர். அவர் சிரித்தார். “என்னய்யா, ஓர் ஆபீஸை மூடினா நாம அழணுமா? இத்தனை வருஷமா நவீன இலக்கியம் எதை எதிர்த்து எழுதிக்கிட்டிருக்கு?” என்றார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. நம் கவிதைகளில் ஆபீஸ் என்றால் ஃபைல், மின்விசிறி, ஐந்து மணி. அதற்குள் மாட்டிக்கொண்டு மூச்சுத் திணறும் குமாஸ்தாவின் ஆத்மா. கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர் நம் கவிதைகளில் வருவதே இல்லை. வந்தாலும் கூட்டமாக வருகிறார், வியர்வை நாற்றமாக வருகிறார். நம்மில் பாதிப் பேர் தபால், ரயில்வே, வங்கி, இன்ஷூரன்ஸ் என்று கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பதால் வந்த வினை இது என்று நினைக்கிறேன்.

நண்பர் உடனே காஃப்காவை எடுத்தார். எடுப்பார் என்று எனக்குத் தெரியும். காஃப்கா 1908இலிருந்து 1922வரை ப்ராக் நகரில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். கை போனவர்கள், கால் போனவர்கள் அங்கே வந்து பணிவாக நிற்பதைப் பார்த்து அவர் அதிசயித்ததை அவருடைய நண்பர் மாக்ஸ் ப்ராட் பதிவு செய்திருக்கிறார். கட்டடத்தை நொறுக்காமல் கெஞ்சிக்கொண்டு நிற்கிறார்களே என்பது காஃப்காவின் ஆச்சரியம். 1915இல் வெளிவந்த ‘சட்டத்தின் முன்’ என்ற சிறிய கதையில் கிராமத்தான் ஒருவன் சட்டத்துக்குள் நுழைய வந்து, காவலாளி விடாததால் வாசலிலேயே வயசாகிச் செத்துப்போகிறான். அதிகாரத்தின் கொடூரத்துக்கு இதைவிட நல்ல படிமம் இல்லை என்று எல்லோரும் சொல்லியாகிவிட்டது. நான் அந்தக் கதையை இப்போது வேறு மாதிரி படிக்கிறேன். அதில் ஒரு வாசல் இருக்கிறது. வாசலில் ஓர் ஆள் இருக்கிறான். கிராமத்தான் அவனிடம் பேசுகிறான், கேள்வி கேட்கிறான், அவனுக்கு லஞ்சம் கொடுத்துப் பார்க்கிறான், அவன் அங்கியில் இருக்கும் தெள்ளுப்பூச்சிகள்வரை பழக்கமாகிவிடுகின்றன. கடைசி மூச்சில் கேட்ட கேள்விக்கும் பதில் கிடைக்கிறது. வாசலை மூடுவது அவன் சாகும்போதுதான். ஆபீஸ்களை மூடுகிற நம் காலத்து நிர்வாகிகள் கிராமத்தான் கிளம்புவதற்கு முன்னாலேயே வாசலை எடுத்துவிடுகிறார்கள். அவன் ஊரிலேயே இருந்து சாகிறான், தான் எதற்காவது வெளியே காத்து நின்றோம் என்பதே தெரியாமல். காஃப்காவுக்குத் தோன்றாத கொடூரம் இது என்று சொன்னேன். நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை.

இலக்கியவாதிகளை விடுவோம். மூடுவதற்கு ஆதரவாக இதைவிடக் கூர்மையான ஒரு வாதம் பொருளாதாரக்காரர்களிடமிருந்து வந்தது. ஆல்பர்ட் நிக்கல்ஸ், ரிச்சர்ட் செக்ஹவுஸர் என்ற இருவர் 1982இல் எழுதிய ஒரு கட்டுரை. உதவி பெறுவதைக் கொஞ்சம் சிரமமாக்கி வைத்தால் அந்தச் சிரமமே ஒரு சல்லடையாக வேலை செய்யலாம் என்பது அதன் சாரம். உண்மையிலேயே தேவைப்படுகிறவர் வரிசையில் நிற்பார், அலைவார். தேவையில்லாதவர் போங்கடா என்று போய்விடுவார். யாரையும் சோதனை போடாமல், யாரிடமும் சான்றிதழ் கேட்காமல், தகுதியானவர் தாமாகவே தேறிவருவார். கேட்பதற்கு அழகாக இருக்கிறது. நம் ஊர் மனசுக்கும் இது புதிதில்லை. ‘பசிச்சவன் தேடி வருவான்’ என்று நம் பெரியவர்களும் திண்ணையில் உட்கார்ந்தபடி சொல்லியிருக்கிறார்கள்.

இந்த வாதத்தின் பிழை தார்மீகத்தில்தான் இருக்கிறது என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். துன்பத்தைத் தேர்வுத் தாளாக்குவது அசிங்கம் என்ற அளவில். ஆனால் அது உண்மையிலேயே தேவைப்படுகிறவரைத்தான் சலித்துக் கொடுக்கிறதா என்று பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மனஸி தேஷ்பாண்டே, யூ லி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு ஆபீஸ்கள் மூடப்பட்ட வட்டாரங்களில் உடல் ஊனத்துக்கான உதவித்தொகைக்கு என்ன ஆயிற்று என்று கணக்கெடுத்து 2019இல் வெளியிட்டார்கள். விண்ணப்பங்கள் 10 சதவீதம் குறைந்தன. உதவி பெறுகிறவர்கள் எண்ணிக்கை 16 சதவீதம் குறைந்தது. பிறகு மீளவும் இல்லை. சல்லடை சரியாக வேலை செய்திருந்தால் தகுதியில்லாதவர்களின் விண்ணப்பங்கள்தான் உதிர்ந்திருக்க வேண்டும்; விண்ணப்பம் எவ்வளவு குறைந்தாலும் பெறுகிறவர்கள் அவ்வளவாகக் குறைந்திருக்கக் கூடாது. நடந்தது தலைகீழ். அதிகமாக உதிர்ந்தவர்கள் படிப்புக் குறைந்தவர்கள். நோயும் படுக்கையில் தள்ளும் அளவுக்கு இல்லாமல், வேலை செய்யவும் விடாமல் நடுவில் நின்றவர்கள். சல்லடை தேவையைச் சலிக்கவில்லை, காகிதத்தோடு பழக்கம் உள்ளவர்களைச் சலித்துக் கொடுத்திருக்கிறது. இரண்டும் ஒன்று என்று நினைப்பது படித்தவர்களின் மூட நம்பிக்கை.

அந்த ஆய்வில் இன்னொரு முடிவு. தூரம் கூடியதால் வந்த நஷ்டத்தைவிட, பக்கத்து ஆபீஸில் நெரிசல் கூடியதால் வந்த நஷ்டமே அதிகம் என்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. சில வருஷங்களுக்கு முன் அடுத்த தெருவில் இருந்த கிளையை எங்கள் கிளையோடு இணைத்தார்கள். வாடிக்கையாளர்களுக்கு எந்தச் சௌகரியக் குறைவும் இராது என்று வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். கூடுதல் தூரம் ஐந்நூறு அடி இருக்கலாம். நடந்து போகிற யாருக்கும் அது ஒரு தூரமே இல்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கு முன்னால் வரிசை வடிவதே இல்லை. பாஸ்புக்கை வாங்குகிறேன், இயந்திரத்தில் செருகுகிறேன், திருப்பிக் கொடுக்கிறேன். பழைய பக்கங்களைப் புரட்டுவதில்லை. மே மாதத்துப் பன்னிரண்டு ரூபாயோ இருபது ரூபாயோ எத்தனை பேர் பாஸ்புக்கில் என் கைவழியாகப் போனதோ. எனக்குத் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. புகார் கொடுக்க ஆளே இல்லாத அநியாயம் இது. மூடப்பட்ட வாசலின் முன் நிற்கிறவரையாவது கணக்கெடுக்கலாம். திறந்திருக்கிற வாசலில் அவர் இழந்த ஒரு நிமிஷத்தை யார் கணக்கெடுப்பது?

உரிமை என்பது காகிதத்தில் இருக்கிற ஒன்றா, காகிதத்தையும் மனுஷனையும் சேர்த்து வைக்கிற ஏற்பாடும் அதற்குள் அடங்குமா என்பதை அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் இரண்டு தடவை தொட்டிருக்கிறது. 1970இல், கோல்ட்பர்க் – கெல்லி வழக்கு. நியூயார்க் நகரில் அரசாங்க உதவியில் பிழைத்துக்கொண்டிருந்தவர்களின் தொகையை நிறுத்துவதற்கு முன், அவர்களை நேரில் வந்து வாயால் பேச விட வேண்டும் என்று தீர்ப்பு. நீதிபதி பிரென்னன் எழுதியது. எழுத்தில் கொடு என்று சொல்வது படிப்பில்லாதவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வாய்ப்பே ஆகாது என்பது அவர் கண்ட நியாயம். ஒரு நீதிமன்றம் எழுத்தின் மீது சந்தேகப்பட்டது எழுத்தாளர்களாகிய நமக்கு அத்தனை ரசிக்காது. ஆனால் அது பெரிய தீர்ப்பு.

ஆறே வருஷத்தில், 1976இல், மாத்யூஸ் – எல்ட்ரிட்ஜ் வழக்கில் அதே நீதிமன்றம் பின்வாங்கியது. உடல் ஊனத் தொகையை நிறுத்துவதற்கு முன் நேர்விசாரணை அவசியம் இல்லை, டாக்டர் கொடுத்த காகிதங்கள் பேசும், எழுத்து போதும் என்றது. இந்தத் தீர்ப்பைக் குறைகூறுகிறவர்கள் நிறையப் பேர். அதில் ஒரு சிறு விஷயம் என்னை நிறுத்தியது. எழுத்து போதும் என்பதற்குச் சொன்ன காரணங்களுக்கிடையில் நீதிமன்றம் இதையும் சொல்கிறது: அனுப்பப்படும் கேள்வித்தாளைப் பூர்த்தி செய்ய உள்ளூர்ச் சமூகப் பாதுகாப்பு ஆபீசின் உதவியைப் பெற்றுக்கொள்ளும்படி அந்த நபர் அழைக்கப்படுகிறார். ஆக, நேரில் பேசும் உரிமையை மறுத்த தீர்ப்பும் ஓர் ஆபீஸின் மேல் சாய்ந்துகொண்டுதான் மறுத்திருக்கிறது. பெஞ்சு, நாற்காலி, அதில் உட்கார்ந்து ‘இந்த இடத்தில் இதை எழுதுங்கள்’ என்று விரல் வைத்துக் காட்டுகிற ஒரு மனுஷர். இவ்வளவும் இருக்கிறது என்ற அனுமானத்தில்தான் காகிதம் போதும் என்று ஆயிற்று. வாசல் வாடகைச் செலவு, உரிமை மட்டும் சட்டம் என்று பிரித்துப் பேசுகிறவர்கள் இந்த இடத்தைப் படித்துப் பார்க்கலாம். மூடப்பட்ட ஒவ்வோர் ஆபீஸோடும் அந்தத் தீர்ப்பின் காலில் ஒன்று போகிறது.

இத்தனையும் சொன்ன பிறகும் எனக்குள் ஒரு சங்கடம் தீரவில்லை. கவுண்ட்டரின் இந்தப் பக்கத்தை நான் மிகைப்படுத்துகிறேனோ என்று. இங்கே உட்கார்ந்திருக்கிறவன் யார், எதிரே நிற்கிறவர் எந்தத் தெரு என்பது நம் ஊரில் சின்ன விஷயமில்லை. கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைக்கிறவரிடம் பேச்சு எப்படி மாறும் என்பதை நான் தினமும் கேட்கிறேன். சில நாள் என் வாயிலிருந்தே கேட்கிறேன். ஏ.டி.எம். யாரையும் ‘நீ’ என்று சொல்வதில்லை. எங்கள் கிளைக்கு வரும் துப்புரவுத் தொழிலாளி ஒருவர், வாசலில் இயந்திரம் வந்த நாளிலிருந்து உள்ளே வருவதையே நிறுத்திவிட்டார். அவரைப் பொறுத்தவரை எங்கள் கவுண்ட்டர் மூடப்பட்டால் அது விடுதலை. அவரிடம் போய் மனித ஸ்பரிசம், முகத்துக்கு முகம் என்றெல்லாம் நான் உபதேசிக்க முடியாது. மூடலை எதிர்க்கிறவர்கள் பெரும்பாலும் இந்த ஆளை மறந்துவிட்டுத்தான் பேசுகிறார்கள்.

அவருக்கு என்னிடம் உள்ள ஒரே பதில் மிகச் சின்னது. அவமதித்த குமாஸ்தாவின் பெயர் மேஜைமேல் எழுதியிருக்கிறது. அவன் மேல் புகார் எழுதலாம், அவனோடு சண்டை போடலாம், தெருவே திரண்டு வந்து கேட்கலாம். அப்படிக் கேட்டதும் உண்டு. ‘உங்கள் கோரிக்கை ஏற்கப்படவில்லை’ என்று திரையில் வந்தால் அதற்கு எதிரே சத்தம் போட ஒரு முகம் இல்லை. இயந்திரம் மரியாதையாகத்தான் இல்லை என்று சொல்கிறது. ஏன் இல்லை என்று அதனிடம் கேட்கத்தான் வழியில்லை. இது அவருக்குப் போதுமான பதிலா என்று எனக்குத் தெரியவில்லை. பணம் எடுப்பதற்கு இயந்திரம், கேட்பதற்கு மனுஷன் என்று இரண்டும் இருந்தால் யாருக்கு நஷ்டம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஒன்று வந்ததால் மற்றது போக வேண்டும் என்று சொல்கிறவர்கள் அந்தத் தொழிலாளியை நினைத்துச் சொல்லவில்லை. அவரைச் சாக்காக வைத்துச் சொல்கிறார்கள்.

2025 பிப்ரவரியில் அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் தன் ஊழியர் எண்ணிக்கையைச் சுமார் 57,000இலிருந்து 50,000க்குக் குறைக்கப் போவதாகவும், பத்து மண்டல அலுவலகங்களை நான்காக்கப் போவதாகவும் அறிவித்தது. வட்டார ஆபீஸ்களை நிரந்தரமாக மூடும் எண்ணம் இல்லை என்றும் அதன் தரப்பில் சொன்னார்கள். சொன்னது உண்மையாகவே இருக்கட்டும். மூடுவதற்குக் கதவைச் சாத்த வேண்டும் என்பதில்லை. நாற்காலிகளை எடுத்துக்கொண்டே போனால், மீதியிருக்கிற நாற்காலியில் இருப்பவனுக்குப் பாஸ்புக்கைப் புரட்ட நேரம் இல்லாமல் போகும். விளக்கு எரியும், பலகை தொங்கும், பத்து மணிக்கு ஷட்டர் உயரும். ‘விசாரித்துவிட்டுப் போவோம்’ என்று வருகிறவர் வரிசையின் நீளத்தைப் பார்த்துவிட்டு, அவசரமான விஷயம் ஒன்றும் இல்லையே என்று திரும்பிப் போவார். எதிர்ப்பவர்கள் கதவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாறுவார்கள்.

ஒரு விஷயத்தை மறைத்துவிட்டு இதை அச்சுக்கு அனுப்புவது சரியில்லை என்று படுகிறது. கிளைகளை இணைத்த பிறகு என்னால் கவுண்ட்டரில் உட்கார முடியவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் ஒரு பக்கம் படிக்க ஓடவில்லை. போன வருஷம் பின்னறை வேலைக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அங்கே கணினியும் ஃபைலும்தான், ஆட்கள் வருவதில்லை. கிடைத்துவிடும் என்கிறார்கள். என் இடத்துக்கு வேறு ஆள் போடுவார்களா என்று மேனேஜரிடம் கேட்டேன். பார்க்கலாம் என்றார்.